ஏழாவது பாட்டில்

சிகெலாங்
3 செப்டம்பர் 1999, வெள்ளிக்கிழமை

காங் தார்யாவுக்கு,

இந்தக் கடிதத்தை ஐஸ் பெட்டியின் மூடிக்குள் ஒட்டியிருக்கிறேன். முதலில் பாட்டில்களை எடுத்து வையுங்கள், பிறகு என்னைப் படியுங்கள். அவசரப்பட்டு உட்கார்ந்து படித்துக்கொண்டே ஐஸை உருக விட்டுவிடாதீர்கள்.

நீங்கள் எழுதிக் கொடுத்தபடியே ஆற்றுத் தண்ணீர் எடுத்திருக்கிறோம். நானும் விவின் தெத்தேயும், பின்னால் வேடிக்கை பார்க்க நாலு பெண்களும். ஊரில் அக்கா முறைக்காரி என்று சொல்லிக்கொண்டு தெத்தே என்னை விரட்டுகிற விரட்டு உங்களுக்குத் தெரியுமே. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் வெள்ளிக்கிழமைப் பிரசங்கம் தொடங்கியது. அரைமணி நேரம் ஆகியிருக்காது, சாய ஆலையின் குழாயிலிருந்து தண்ணீர் வந்துவிட்டது. முதலில் கத்தரிப்பூ நிறம், பிறகு கறுப்பு. தெத்தே சொன்னாள்: "ஆம்பளைங்க அத்தனை பேரும் சொர்க்கத்துக்கு வழி கேக்கப் போனதும் இவனுங்க குழாயத் தொறந்துடுறானுங்க. அதிகாரிங்க செவ்வாக்கிழமை வந்து எடுத்தா தண்ணி கண்ணாடி மாதிரிதான் இருக்கும்." இத்தனை வருஷமாகப் பெண்கள் சொன்னதை ஊரில் எந்த ஆணும் நம்பவில்லை. நம்பியது நீங்கள் ஒருவர்தான். அதனால்தான் ஊர்க்கூட்டம் உங்களைப் பாண்டுங்குக்கு அனுப்பியது, தண்ணீர்க் கணக்கைப் படிக்கக் கற்றுக்கொண்டு வா என்று.

மூன்று மாதம் என்று போனீர்கள். பதினொரு மாதம் ஆகிறது. பஸ்ஸில் ஐந்து மணி நேரம், காங். கடல் தாண்டியா இருக்கிறீர்கள்? இரண்டு தடவை வந்தீர்கள், இரண்டு தடவையும் ஒரே ராத்திரி. அலுவலகத்தில் வேலை என்கிறீர்கள். அந்த அலுவலகத்தில் நம் புகாரை நடத்துகிற ஹெர்லினா அம்மாவும் நீங்களும் ஒரு மேசையும்தான் என்று எனக்குத் தெரியாதா?

இன்னொன்று. பெட்டியில் ஏழு குழி இருக்கிறது. ஆறு பாட்டில்தான் அனுப்பியிருந்தீர்கள். ஒரு குழி சும்மா வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. புருஷன் இருக்கிற ஊருக்குப் போகிற பெட்டியில் நாற்றத் தண்ணீரும் ஐஸும் மட்டுமா போகும்? அப்படியே மூட மனசு வரவில்லை. மரவள்ளிக்கிழங்கை அவித்துப் பெயேம் போட்டு மூன்று நாள் புளிக்க வைத்திருந்தேன், வாழையிலையில் சுற்றி அந்தக் குழியில் வைத்திருக்கிறேன். பாண்டுங் ரோடு முழுக்கப் பெயேம் கட்டித் தொங்கவிட்டிருக்கிறான், கொல்லன் தெருவிலேயே ஊசி விற்கிறாயா என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். அது கடைப் பெயேம். இது நான் செய்தது.

முழங்காலுக்குக் கீழே சொறி அப்படியேதான் இருக்கிறது. நாற்று நடும்போது எரிகிறது. உங்களைப் பார்க்கவேண்டும் போல இருக்கிறது. வேறு என்ன எழுத.

இமாஸ்

*

பாண்டுங்
5 செப்டம்பர் 1999

அன்புள்ள நெங் இமாஸுக்கு,

பெட்டி நேற்றுக் காலை ஏழு மணிக்குப் பஸ் நிலையத்தில் கிடைத்தது. ஐஸ் பாதிதான் மிச்சம். ஆறு பாட்டில்களும் சரியாக இருந்தன. நேரம், இடம், நிறம் எல்லாம் தெளிவாக எழுதியிருக்கிறாய். உன் கையெழுத்தை ஆய்வுக்கூடத்தில் இருக்கிற பெண் பாராட்டினாள். அதைக் கேட்டு நான் ஏதோ நானே எழுதியது போல நின்றேன்.

பெயேம் கசிந்துவிட்டது. பஸ் குலுக்கலில் இலை பிரிந்து, சாறு ஐஸ் தண்ணீரில் கலந்து, பாட்டில் மூடிகளெல்லாம் பிசுபிசுவென்று இருந்தன. பெட்டியை வாங்குகிறவர் நிரப்ப வேண்டிய படிவம் ஒன்று உண்டு. அதில் ஒன்பதாவது கேள்வி: பெட்டியில் வேறு பொருள் ஏதும் இருந்ததா? "மரவள்ளிப் பெயேம், ஒரு பொட்டலம், கசிந்திருந்தது" என்று எழுதினேன். பயப்படாதே. பாட்டில்கள் இறுக்கமாகத்தான் மூடியிருந்தன. எண்கள் வந்ததும் யாரும் ஒன்பதாவது கேள்வியைப் பார்க்கப்போவதில்லை. ஆனாலும் இனி வைக்க வேண்டாம்.

மூன்று துண்டு பஸ் நிலையத்திலேயே நின்றுகொண்டு சாப்பிட்டேன். நாலாவதை மறுநாளுக்கென்று வைத்திருந்தேன், முடியவில்லை, அன்றைக்கே தின்றுவிட்டேன்.

விசாரணை அக்டோபர் ஏழாம் தேதி. என்னைப் போல் ஆலையில் வேலை பார்த்தவன் அந்த அறையில் உட்காரக்கூடாது என்று ஆலைக்காரர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஹெர்லினா அம்மாதான் வருவார். நான் இங்கேயே இருப்பது நல்லது. வேலையும் அதிகம்.

சொறிக்கு மஞ்சள் அரைத்துப் போடு.

தார்யா

*

சிகெலாங்
8 அக்டோபர் 1999

தார்யா அவர்களுக்கு,

நேற்று நடந்ததை ஹெர்லினா அம்மா சொல்லியிருப்பார். அவர் நாகரிகமாகச் சொல்லியிருப்பார். நான் சொல்வதையும் கேளுங்கள்.

மாவட்ட அலுவலகத்தில் இருபத்து மூன்று பெண்கள் போய் உட்கார்ந்தோம். அம்மா ஆறு எண்களையும் படித்தார். குழாய்க்கு மேலே எடுத்த தண்ணீரில் அழுக்கு இவ்வளவு, கீழே எடுத்ததில் இதைப் போல முப்பது மடங்கு. விசாரணைத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

அப்புறம் ஆலைக்காரர்களின் ஆள் எழுந்தான். நல்ல சட்டை, மெல்லிய குரல். "ஐயா, ஒம்பதாவது கேள்விக்கு அவங்க ஆளே எழுதியிருக்கிற பதிலப் படிக்கட்டுமா?" என்று கேட்டான். படித்தான். மரவள்ளிப் பெயேம். ஒரு பொட்டலம். கசிந்திருந்தது.

அறை முழுக்கச் சிரிப்பு. வாசலில் நின்ற காவலாளி கூடச் சிரித்தான். "பெயேம் சாறு தண்ணியில விழுந்தா அழுக்குக் கணக்கு ஏறத்தானே செய்யும்? இது ஆலைக் கழிவா, இல்ல அம்மிணி சமையலா?" என்றான் அவன். அம்மா, மூடி இறுக்கமாக இருந்தது என்றார். "வழியில ஒண்ணும் உள்ள போகலன்னு எத வச்சுச் சொல்றீங்க?" என்று கேட்டான். அம்மா தாள்களைப் புரட்டித் தேடினார். தலைவர் ஆறு எண்களையும் ஓரமாக வைத்துவிட்டார். டிசம்பர் இருபதாம் தேதி இன்னொரு தடவை பார்ப்பாராம். அதற்குள் ஒழுங்காக எடுத்துக்கொண்டு வரவேண்டும். இல்லாவிட்டால் புகாரையே மூடிவிடுவார். அதன் பிறகு அந்தக் குழாயை யாரும் கேட்க முடியாது.

திரும்பி வரும்போது வண்டியில் விவின் தெத்தே என் தொடையில் தட்டி, "விடு, நாங்கல்லாம் புருஷனுக்குப் பொட்டலம் கட்டாதவளுங்களா?" என்றாள். அதைக் கேட்டதும் அழுகை வந்துவிட்டது.

தப்பு என்னுடையதுதான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்த ஒரு வரியை எழுதாமல் விட்டிருந்தால் யாருக்கு என்ன குறைந்திருக்கும்? பெட்டியைத் திறந்தபோது பக்கத்தில் யார் இருந்தார்கள்? நீங்களும் பெயேமும்தானே? தின்று முடித்துவிட்டு, தின்றதைச் சாட்சி சொல்ல ஒரு ஆளா! இத்தனை வருஷத்தில் என்னிடம் பத்து வார்த்தை சேர்த்துப் பேசியதில்லை. படிவத்தில் மட்டும் ஒன்றுவிடாமல் எழுதுவீர்களோ?

உங்கள் பதில் வேண்டும் என்றில்லை.

இமாஸ்

*

பாண்டுங்
15 அக்டோபர் 1999

நெங் இமாஸுக்கு,

வேண்டாம் என்று சொன்னாலும் எழுதுகிறேன். மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டு இது நாலாவது.

ஏழாவது குழியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அது சும்மா இருக்க வேண்டிய குழி அல்ல. காய்ச்சி வடித்த சுத்தமான நீரை இங்கேயே ஒரு பாட்டிலில் நிரப்பி, மூடி, முத்திரையிட்டு அந்தக் குழியில் வைத்து அனுப்ப வேண்டும். நம் ஊர் வரை போய், ஆற்றங்கரைக்கும் போய், யாரும் திறக்காமல் மற்ற ஆறு பாட்டில்களோடு சேர்ந்து திரும்பி வரவேண்டும். கடைசியில் அதையும் சோதிப்பார்கள். அது சுத்தமாக இருந்தால் வழியில் எதுவும் உள்ளே போகவில்லை என்று அர்த்தம். அந்தச் சட்டைக்காரன் கேட்ட கேள்விக்குப் பதில் அந்தப் பாட்டில்தான்.

அன்றைக்கு வடித்த நீர் தீர்ந்திருந்தது. மறுநாள் வாங்கியிருக்கலாம். ஒரு பாட்டில் இல்லாவிட்டால் என்ன, யார் கேட்கப் போகிறார்கள் என்று ஆறோடு அனுப்பிவிட்டேன். நீ பெயேம் வைத்தது நான் வெறுமையாக விட்ட இடத்தில். அது என் தப்பு. ஹெர்லினா அம்மாவிடமும் சொல்லிவிட்டேன்.

அப்படியானால் ஒன்பதாவது கேள்வியை மட்டும் ஏன் விடவில்லை என்று கேட்பாய். இதை உன்னிடம் சொல்லாமல் இருக்கத்தான் இத்தனை நாள் இங்கேயே இருந்தேன்.

ஆலையில் கழிவுத் தொட்டிப் பக்கம் இரண்டு வருஷம் வேலை பார்த்தேன் அல்லவா? அங்கே ஒரு நோட்டு உண்டு. தினமும் தொட்டியின் நிலைமையை எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து உள்ளே போனால் மேஸ்திரி நோட்டை நீட்டுவான். "இயல்புன்னு எழுது, தார்யா." எழுதுவேன். போய்ப் பார்க்க மாட்டேன். பார்க்காததால் தெரியாது என்று எனக்கே சொல்லிக்கொள்வேன். பள்ளிவாசல் படியில் செருப்பு மாட்டும்போதே வாசம் வந்துவிடும், நெங். நூறு வெள்ளிக்கிழமை இருக்கும். நூறு தடவை "இயல்பு".

நமக்குக் கல்யாணம் ஆன முதல் வருஷம் நீ வயலிலிருந்து வந்து பாவாடையைத் தூக்கிக் காட்டி, "இந்தச் சொறி எதனால, காங்?" என்று கேட்டாய். "புதுச் சோப்பு ஒத்துக்கலையோ என்னமோ" என்றேன். உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது. அன்றைக்கு எனக்குத் தெரியும்.

பெண்கள் சொன்னதை நம்பிய ஒரே ஆண் நான் என்று எழுதியிருந்தாய். நம்புவதற்கு என்ன இருக்கிறது, எனக்குத்தான் தெரியுமே. இங்கே படிவத்தை முதன்முதலாகக் கையில் வாங்கிய அன்று, இனி ஒரு கட்டத்தையும் பொய்யாக நிரப்புவதில்லை என்று முடிவு செய்தேன். உன் பெயேமையும் சேர்த்து.

ஊருக்கு வந்தால் ஒரே ராத்திரியில் ஓடிவிடுகிறேன் என்கிறாய். பகலில் உன் கால் தெரியும். அதனால்தான் ஓடினேன். இங்கே அலுவலகத்தின் பின்னால் ஓர் அறையில் படுத்திருக்கிறேன், தினமும் உன் நினைப்புத்தான். உன் பக்கத்தில் இருக்க ஆசைப்படுகிற அளவுக்கு உன் முகத்தைப் பார்க்கப் பயமாகவும் இருக்கிறது.

தார்யா

*

சிகெலாங்
14 நவம்பர் 1999

காங்,

ஒரு மாதம் பதில் போடவில்லை. போடக்கூடாது என்றுதான் இருந்தேன்.

மூன்று சோப்பு மாற்றினேன். முதலில் பச்சைக் கட்டி, அப்புறம் குழந்தைகள் சோப்பு, அப்புறம் உங்கள் தங்கை சொன்னாள் என்று வேப்பிலை போட்டது. மூன்றாவதை நீங்களே சந்தையில் வாங்கி வந்து கொடுத்தீர்கள். தெரிந்துகொண்டே வாங்கி வந்தீர்கள். எல்லாவற்றையும் விட இதுதான் என்னைத் தூங்க விடவில்லை. ஆலைக்காரன் அந்நியன், அவன் ஏமாற்றலாம். நீங்கள் என் பாயில் படுத்தவர்.

உங்கள் கடிதத்தை விவின் தெத்தேயிடம் காட்டப் போனேன். வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன். அவள் சின்ன மகளுக்குக் கழுத்து வரை சொறி. நீங்கள் எழுதியதை என் வாயால் நான் சொல்ல மாட்டேன். நீங்கள்தான் சொல்ல வேண்டும். வயல் வரப்பில் நின்று, எல்லாப் பெண்களும் இருக்கும்போது, பகலில். திட்டுவார்கள். சேற்றை வாரி எறிந்தாலும் எறிவார்கள். நான் தடுக்க மாட்டேன், ஆனால் பக்கத்தில் நிற்பேன்.

இந்த மாதத்தில் இரண்டு தடவை பெயேம் போட்டேன். இரண்டும் புளித்துக் காடியாகிவிட்டது. போடுகிறவள் மனசு கசந்திருந்தால் பெயேம் இனிக்காது என்று எல்லோரும் சொல்வார்கள், நான் நம்பியதில்லை. கோழிக்குப் போட்டேன். கோழியும் தின்னவில்லை.

கோபம் தீர்ந்துவிட்டதென்று நினைக்காதீர்கள். ஆனால் அந்த ஒரு வரியை எழுதாமல் விட்டிருக்கலாமே என்று கேட்டேன் பாருங்கள், அது தப்பு. மேஸ்திரி சொன்னதையேதான் நானும் சொல்லியிருக்கிறேன். அதை நினைத்து வெட்கப்பட்டேன்.

ஏழு பாட்டிலையும் அனுப்புங்கள். இருபத்தாறாம் தேதி வெள்ளிக்கிழமை எடுக்கிறோம்.

நான் உங்களை வெறுக்க முயன்றேன், காங். சாயங்காலம் வரை முடிகிறது. விளக்கேற்றியதும் முடியவில்லை.

இமாஸ்

*

பாண்டுங்
22 நவம்பர் 1999

நெங்,

சொல்கிறேன். வரப்பில், பகலில், எல்லோரிடமும். விசாரணை முடிந்ததும் வருகிறேன். நீ நில் என்று சொல்லும் இடத்தில் நிற்கிறேன்.

பெட்டி வருகிறது. ஏழாவது பாட்டிலில் நேற்று நானே நீர் நிரப்பினேன். மூடியில் என் முத்திரை இருக்கிறது. ஆற்றங்கரைக்கு எடுத்துப் போ. கரையில் வை. திறக்காதே. மற்ற ஆறையும் நிரப்பி மூடி முத்திரை ஒட்டி முடித்ததும் அதையும் பழைய குழியிலேயே வைத்துவிடு.

இனி பெட்டிக்குள் கடிதம் கூட வைக்கக்கூடாது. ஹெர்லினா அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். படிவம் மட்டும்தான். அதிலும் கேட்டதற்கு மட்டும் பதில்.

என் கை பட்டது உன் கைக்கு வந்து, உன் கை பட்டது எனக்குத் திரும்பி வரும். இப்போதைக்கு அது போதும் என்று சொல்ல ஆசை. போதாது.

தார்யா

*

மாதிரிப் படிவம்

எடுத்த இடம்: சிகெலாங், ஆலைக் குழாய்க்கு மேல் இரண்டு, குழாய் வாயில் இரண்டு, கீழே இரண்டு
நாள், நேரம்: 26 நவம்பர் 1999, வெள்ளி. பிரசங்கம் தொடங்கி இருபது நிமிடம். கைக்கடிகாரத்தில் 12.10
எடுத்தவர்: இமாஸ். உடன் நின்றவர்: விவின்
தண்ணீரின் நிறம், வாசம்: மேலே நிறமில்லை. குழாயில் கருநீலம். கீழேயும் கருநீலம். மூக்கு எரியும் வாசம்
ஏழாவது பாட்டில்: கரையில் இருந்தது. திறக்கவில்லை. அனுப்பியவர் முத்திரை அப்படியே இருக்கிறது
பெட்டியில் வேறு பொருள்: எதுவும் வைக்கவில்லை
எடுத்தவரின் குறிப்பு: ஏழாவது பாட்டிலைக் கரைக்குக் கொண்டுபோனதும் கொண்டுவந்ததும் கையில்தான். பையில் போடவில்லை.

பெற்றவர்: தார்யா, பாண்டுங் பஸ் நிலையம்
நாள், நேரம்: 27 நவம்பர் 1999, காலை 6.40
ஐஸ்: முழுதாக இருக்கிறது
முத்திரை: ஏழும் உடையவில்லை
பெட்டியில் வேறு பொருள் ஏதும் இருந்ததா: இல்லை. அடிவரை தேடிப் பார்க்கப்பட்டது.
பெற்றவரின் குறிப்பு: இரண்டு தடவை தேடப்பட்டது.

*

சிகெலாங்
21 டிசம்பர் 1999

காங்,

தந்தி வந்திருக்கும். இருந்தாலும் என் வாயால் சொல்ல வேண்டாமா?

நேற்றும் அதே சட்டைக்காரன்தான். எங்களைப் பார்த்ததும், "இன்னைக்கு என்ன பலகாரம், அம்மிணிகளா?" என்றான். "நோன்பு மாசம், தம்பி. இன்னைக்கு உங்களுக்கும் ஒண்ணும் கெடையாது," என்றாள் விவின் தெத்தே. படிவத்தை முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒன்பதாவது கேள்விக்கு வந்ததும் வாய்க்குள்ளேயே படித்தான். தலைவர், "சத்தமாப் படிங்க" என்றார். அடிவரை தேடிப் பார்க்கப்பட்டது, இரண்டு தடவை தேடப்பட்டது என்று படித்தான். இந்தத் தடவை சிரித்தது நாங்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை, காங். பெட்டிக்குள் குனிந்து தேடிய உங்கள் தலை எனக்குத் தெரிந்தது.

போன தடவை கேட்டதையே கேட்டான். வழியில் ஒன்றும் உள்ளே போகவில்லை என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? அம்மா சோதனை அறிக்கையின் கடைசி வரியைக் காட்டினார். ஏழாவது பாட்டில்: எதுவும் இல்லை. அவன் உட்கார்ந்துவிட்டான்.

தொட்டியைச் சரிசெய்து சோதித்துக் காட்டும் வரை குழாயை மூடி அரசாங்க முத்திரை போடுகிறார்கள். இனி சோதனைக்கு வருகிறவர்கள் வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் வர வேண்டும், வருகிறவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்று தெத்தே கேட்டாள். தலைவர் அதையும் எழுதிக்கொண்டார்.

ஊரில் எல்லோரும் உங்களைத் தூக்கிக் கொண்டாடக் காத்திருக்கிறார்கள். நீங்கள் சொல்லப்போவதைக் கேட்ட பிறகு கொண்டாடுவார்களா என்று தெரியாது. எனக்கும் பயமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும், ஒரு கட்டமும் விடாமல். நாளை மறுநாள் எல்லோரும் கீழ்வயலில் களை எடுப்போம்.

வரும்போது சந்தையில் அந்த வேப்பிலைச் சோப்பு ஒன்று வாங்கி வாருங்கள். கால் ஆறினாலும் ஆறாவிட்டாலும் அதை உங்கள் கையால்தான் தேய்த்துவிட வேண்டும்.

சனிக்கிழமை மறுபடியும் பெயேம் போட்டேன். இன்றைக்கு நோன்பு திறக்கும் நேரத்தில் இலையைப் பிரித்து ஒரு துண்டு வாயில் போட்டேன். இனிக்கிறது. இந்தத் தடவை அனுப்பமாட்டேன். மூன்று நாள்தான் தாங்கும், வந்து சாப்பிடுங்கள்.

இமாஸ்